உடன் தங்குபவர்

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது என் மகளுக்கு. அதற்கு ஃபைல் திறந்தது நான்.

அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. மேலாண்மைப் படிப்புக்குப் பெயர் போன கல்லூரி ஒன்று, நுழைவுத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு ஹோட்டலில் நடக்கும் நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தது. அவள் அதைப் போனிலேயே படித்து, "அப்பா, கால் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள். நான் வடலூருக்கு வண்டியில் போய் அதை இரண்டு பிரதி எடுத்து, இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, டேக் கோத்து, மேலட்டையில் பொருள் எழுதினேன். திரும்பி வந்தபோது அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது இன்டர்வியூப்பா. என்கொயரி இல்ல."

"ரெண்டுக்கும் பேப்பர் ஒண்ணுதாம்மா."

முப்பத்து நான்கு ஆண்டுகள் நெய்வேலி சுரங்க நிறுவனத்தில் ஆள் எடுக்கும் துறையில் இருந்தவன் நான். தேர்வுக் குழுக்களில் உறுப்பினராகவும் செயலராகவும் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்ட கணக்கு நினைவில் இல்லை. யாரும் தங்களைப் பற்றிச் சொன்னதாகவும் நினைவில் இல்லை. எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. மற்ற உறுப்பினர்கள் வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள். நான் விண்ணப்பத்தைப் பார்த்தபடி காதை மட்டும் கொடுப்பேன். வாயில் வருவதும் பேப்பரில் இருப்பதும் பொருந்தாத இடம் வந்தால் பேனா தானாக நிற்கும். எழுதியதும் சொன்னதும் ஒன்றாக இருந்தால் முட்டாளையும் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மேதையையும் எடுக்கக்கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையோடு ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் அதைப் பாராட்டிக்கூடப் பேசினார்கள்.

மகளுடைய விண்ணப்பத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. பொறியியல் முடித்து, பெங்களூரில் மூன்று ஆண்டு வேலை. பிறகு இரண்டு ஆண்டு ஒன்றுமில்லை. பிறகு வீட்டிலிருந்தபடியே செய்யும் ஒரு கான்ட்ராக்ட் வேலை, இன்றுவரை. அந்த இரண்டு ஆண்டுக்கு எதிரே 'இடைவெளிக்கான காரணம்' என்று ஒரு கட்டம். தேர்வுக் குழு முதலில் கை வைக்கும் இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் வைப்பேன்.

அந்த இரண்டு ஆண்டும் அவள் அவளுடைய அம்மாவோடு இருந்தாள். என் மனைவிக்குப் புற்றுநோய். எங்கள் நிறுவன ஆஸ்பத்திரியிலிருந்து சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கொடுத்தார்கள். பத்து நாள் அங்கே, இருபது நாள் இங்கே குவார்ட்டர்ஸில், மறுபடி அங்கே. கடைசியில் அங்கேயேதான் முடிந்தது.

இதை நான் ஒரு பதிலாக எழுதித் தட்டச்சு செய்து வைத்தேன். 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியிலிருந்து விலகினேன். அக்காலத்தில் பொறுப்புணர்வு, நேர மேலாண்மை ஆகியவற்றைக் கற்றேன்.' ஆங்கிலத்தில் இது இன்னும் நன்றாக இருக்கும். எந்தத் தணிக்கையிலும் இதில் குறை கண்டுபிடிக்க முடியாது.

மகள் படித்துப் பார்த்தாள். "அம்மா இதுல எங்கப்பா இருக்காங்க?"

"'குடும்பச் சூழ்நிலை'ன்னு போட்டிருக்கேன்ல."

அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

இணைப்புகள் இல்லாமல் ஒரு பதில் ஃபைலில் நிற்காது. இடைவெளிக்குச் சான்று கேட்டால் கையில் இருக்கவேண்டும் என்று, மனைவியின் மருத்துவத் தாள்கள் இருந்த பெட்டியை இறக்கினேன். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூர் போகும் வழியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது, கட்டுப் பிரிக்காமல் பரணில் ஏற்றிய பெட்டி அது. சாவியை ஒப்படைத்து, நூலகம், மின்பிரிவு, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் 'நிலுவை ஏதுமில்லை' கையெழுத்தை ஒரே நாளில் வாங்கியவன் நான். மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆகும். ஆஸ்பத்திரியில்கூட அன்று நிலுவை இல்லை என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

பெட்டியில் எல்லாம் தேதி வரிசையில் இருந்தது. என் வேலை அப்படித்தான் இருக்கும். அடியில் முதல் ரெஃபரல் படிவத்தின் நகல். மூன்று மொழியிலும் அச்சிட்ட கட்டங்கள். நோயாளியின் பெயர், ஊழியர் எண், உறவு. அதற்குக் கீழே 'உடன் தங்குபவர்'. அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் என் மகளின் பெயர்.

அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, சுவரில் தாளை வைத்து நிரப்பினேன். மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகள் விடுப்பில் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தில் பேனா நின்றபோது நான் சொன்னேன்: "லேடீஸ் வார்டும்மா. ஜென்ட்ஸ விடமாட்டாங்க. உன் பேரைப் போட்டுடறேன்."

"சரிப்பா" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

படிவத்தின் பின்பக்கம் அச்சிட்டிருந்த விதி உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. பெண்கள் வார்டில் உடன் தங்குபவர் பெண்ணாக இருக்கவேண்டும். ஆனால் விதி அங்கேயே முடியவில்லை. கணவர் தங்க விரும்பினால் ஒரு வரி எழுதிக் கொடுத்து வார்டு மருத்துவரின் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று அதற்குக் கீழேயே இருந்தது. அந்த வரியை யாரும் படிக்கமாட்டார்கள். நான் படித்திருந்தேன். எத்தனையோ ஊழியர்களுக்கு அதைக் காட்டி, அந்தக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் வீட்டிலிருந்து பலாப்பழமே வந்தது.

அந்தத் தாளை இணைப்புகளோடு சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பரை அழைத்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் என்ஜினீயராக இருந்து எனக்கு முந்தின ஆண்டு ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பிப் போகப் போவதாக அன்றுமுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். உற்சாகமான மனிதர். டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், மூணு பேர் இருந்தாத்தானுங்க போர்டு. நீங்க ரூல் தெரிஞ்சவரு, ரெண்டு பேரை வெச்சு நடத்தினா செல்லுமா?"

"செல்லாதுதான்."

"அப்ப கோரத்துக்கு ஆள் வேணுமுங்க" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார். அங்கே சமையலுக்கு வரும் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காடாம்புலியூரிலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிறவர். என் மனைவி நன்றாக இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருப்பவர். "வாங்க, வந்து உக்காருங்க. நீங்கதான் மூணாவது மெம்பர்."

"இன்னா சார் இது, நான் போயி அங்க குந்திகினு இன்னா பண்றது? எனுக்கு இங்கிலீசும் தெரியாது."

"போர்டுல மூணாவது மெம்பருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லைங்க. சாரைக் கேட்டுப் பாருங்க."

அது உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை. அவர் கீரைத் தட்டோடு வந்து சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் வெளியே போய்க் கதவைத் தட்டி, "மே ஐ கம் இன்?" என்று கேட்டு உள்ளே வந்தாள்.

முதல் கால் மணி நேரம் நன்றாகவே போனது.

"சொல்லுங் அம்மிணி, சொந்த ஊர் எது?"

"நெய்வேலி, சார்."

"அது கம்பெனி ஊராச்சே. அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால பிளாக் பதினெட்டு குவார்ட்டர்ஸ், சார்."

நண்பர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்பிடியே சொல்லிப்போடாதீங்க. சரி, நிலக்கரிய எடுத்து முடிச்சாச்சு, ஊரெல்லாம் சோலார் வந்திருச்சு. அப்புறம் உங்க ஊருக்கு என்ன கதி?"

அதற்கு அவள் சொன்ன பதிலில் நான் விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்கிவிட்டேன். மேல்மண் கொட்டிய மேடுகள், சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர், பர்மனென்ட்டுக்கும் கான்ட்ராக்ட்டுக்கும் நடுவே ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வகை மனிதர்கள், நிலம் கொடுத்த ஊர்களில் வேலைக்குக் காத்திருப்பவர்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு ஊரை அடுத்த வேலைக்கு எப்படித் தயார் செய்வது என்பதைப் படிக்கத்தான் வருகிறேன் என்றாள். எழுதிக் கொடுத்து வந்த பதில் இல்லை. நண்பர் டையைத் தளர்த்திக்கொண்டு, "எடுத்தாச்சு போங்க" என்றார்.

பிறகு நான் கேட்டேன், அந்த இரண்டு ஆண்டைப் பற்றி. அவள் நான் எழுதிய பதிலை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ஒப்பித்தாள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

நண்பர் மூன்றாவது உறுப்பினரைப் பார்த்தார். "நீங்க ஒரு கேள்வி கேளுங்க. தமிழ்லயே கேளுங்க."

அந்த அம்மா கையிலிருந்த காம்பைத் தட்டில் போட்டுவிட்டு மகளைப் பார்த்தார். விளையாட்டு என்பதை மறந்துவிட்டிருந்தார்.

"ஏம் பாப்பா, உங்க அம்மா கூட மெட்ராஸ்ல ரெண்டு வருசமா நீயே குந்திகினு இருந்தியே. வேலைய வுட்டுட்டு வந்து. சார் ஏன் ஒரு நாளுகூட வந்து தங்கல?"

நான் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் குரல் மாறாமல் பதில் சொன்னாள். "அது லேடீஸ் வார்டு, மேடம். ஜென்ட்ஸ் அலவ் பண்ணமாட்டாங்க. ரூல்."

"அதெப்பிடிங் கண்ணு?" என்றார் நண்பர். "எங்கூட்டுக்காரி ஆபரேஷனுக்கு இருந்தப்ப அதே வார்டுல நாந்தானுங்களே பதினோரு நாள்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மேசையில் இருந்த டீயை எடுத்தார். அது காலி டம்ளர். அதையே குடித்தார். "அப்ப வேற ரூலா இருந்திருக்குமுங்க. எனக்கென்ன தெரியும். சாருக்குத்தான் எல்லாம் தெரியும்."

கீரைத் தட்டோடு அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். தேர்வு முடிந்தது.

மறுநாள் மதியம் மகள் நேர்முகத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவின் சாம்பல் நிறப் பருத்திப் புடவை. நான் அந்தப் படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்தேன்.

"இதுல ஒரு விஷயம் இருக்கும்மா. அந்த ரூலுக்குக் கீழ இன்னொரு வரி இருந்தது. புருஷன் தங்கணும்னா பர்மிஷன் வாங்கலாம். எனக்கு அது அப்பவே தெரியும்."

அவள் தாளைத் தொடவில்லை. புடவையைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும்ப்பா."

"நேத்து அவர் சொன்னதுலயா தெரிஞ்சது?"

"முதல் நாளே. வார்டுக்குள்ள போனா எட்டுக் கட்டில். மூணு கட்டில் பக்கத்துல ஆம்பளைங்கதான் உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் பொண்டாட்டிக்குத் தலை வாரி விட்டுக்கிட்டு இருந்தார். முடி இருந்த வரைக்கும் தினம் வாருவார். ரெண்டு வருஷம் பாத்தேன்ல."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேக்கணும்னுதான் போனை எடுத்தேன். அம்மாதான் வேணாம்னாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரப் பக்கத்தில் நாற்காலி இருந்தது.

"'உங்கப்பா பேப்பர் எல்லாம் பாத்துப்பார். பேப்பரை விட்டா அவருக்குக் கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாது. பயந்துக்குவார். விடு'ன்னாங்க. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசல."

அலுவலகப் பணி நெருக்கடி என்றுதான் அந்த இரண்டு ஆண்டும் நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். சரியான சொல் மனைவியிடம் இருந்திருக்கிறது. சென்னைக்குப் போகாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. போவேன். காலை பஸ்ஸில் போய், பில் கவுன்ட்டர், ரெஃபரல் நீட்டிப்பு, அத்தாட்சிக் கையெழுத்து என்று மூன்று மாடியும் ஏறி இறங்கி, பார்வையாளர் நேரத்தில் கடைசிப் பத்து நிமிடம் கட்டிலருகே நிற்பேன். "எல்லாம் முடிச்சாச்சு" என்பேன். "சாப்டீங்களா?" என்பாள். ஒருமுறை கையை நீட்டினாள். படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனா கேட்கிறாள் என்று நினைத்துப் பேனாவைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் ஏறி விழுப்புரம் தாண்டும்போதுதான் அன்று கையெழுத்துப் போட வேண்டிய தாளே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மகளிடம் சொன்னேன்: "அந்தப் பதிலை மாத்திக்கோ. குடும்பச் சூழ்நிலைன்னு சொல்லாத. நடந்ததைச் சொல்லு."

"பாக்கலாம்ப்பா. புடவை மேல நிழல் விழுது, தள்ளி நில்லுங்க."

சென்னைக்கு நானும் போனேன். ஹோட்டலின் கீழ்த்தளத்தில் பெற்றோருக்குச் சோபா போட்டிருந்தார்கள். ஒரு தகப்பனார் பையனின் ஷூவுக்குக் குனிந்து லேஸ் கட்டிவிட்டார். இன்னொருவர் என்னிடம், "போர்டுல எத்தனை பேர்னு தெரியுமா சார்?" என்று கேட்டார். மூன்று, அதில் பெரும்பாலும் ஒருவர் பெண் என்றேன். உள்ளே போனவர் எத்தனை நிமிடத்தில் வந்தால் நல்லது, எத்தனைக்கு மேல் போனால் கெட்டது என்றெல்லாமும் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். சுற்றி நான்கு பேர் கூடிவிட்டார்கள். மனைவி இருந்த ஆஸ்பத்திரியின் பில் கவுன்ட்டரிலும் இப்படித்தான் கூடுவார்கள்.

மகள் இருபத்தைந்து நிமிடத்தில் வந்தாள். என் கணக்குப்படி நல்ல நேரம். வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதும் நான் எதுவும் கேட்கவில்லை. பஸ் தாம்பரம் தாண்டியபிறகு கேட்டேன்.

"அந்தக் கேள்வி வந்ததா?"

"வந்துச்சு."

"என்ன சொன்ன?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான். குடும்பச் சூழ்நிலை."

"நான்தான் மாத்தச் சொன்னேனே."

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னும் சொன்னேன்ப்பா. கேன்சர்னு சொன்னேன். அதுவரைக்கும் ஓகே. அப்புறம் போர்டுல இருந்த லேடி, வீட்ல பாத்துக்க வேற யாருமே இல்லையான்னு கேட்டாங்க."

"நீ?"

"இல்லைன்னேன்."

பஸ்ஸில் கண்டக்டர் சில்லறைக்குத் தகராறு செய்துகொண்டிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேற என்ன சொல்றது? அப்பா இருந்தார்னு சொன்னா, அவர் ஏன் பாத்துக்கலன்னு கேப்பாங்க. தெரியாதவங்க மூணு பேர் முன்னாடி உக்காந்து உங்களை நான் என்னன்னு சொல்றது?"

பிறகு அவளே சொன்னாள்: "அந்த லேடி என் அப்ளிகேஷன ஒரு பக்கம் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. தேங்க் யூன்னு முடிச்சுட்டாங்க."

எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. குடும்ப விவரம் இருந்த பக்கம். அதையும் நிரப்பியது நான்தான். தாய்: காலமானார். தந்தை: உயிருடன் உள்ளார். தொழில்: ஓய்வுபெற்ற அதிகாரி, பணியாளர் துறை. முகவரி: மேற்படி. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று சொல்லி, அவள் கையிலிருந்து மடிக்கணினியை வாங்கி நானே தட்டினேன்.

அந்தப் பெண்மணியின் பேனா நின்ற இடம் எனக்குத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அங்கேதான் நின்றிருக்கும். குறிப்பு எழுதும் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார் என்றும் தெரியும். சொல்வதும் விண்ணப்பமும் பொருந்தவில்லை. நான் எழுதியிருந்தால் அடிக்கோடும் போட்டிருப்பேன். வேறு ஊர்களிலிருந்து வந்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி என் முன்னால் உட்கார்ந்த எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். அவர்கள் யாரை மறைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. இடம் தர இயலாமைக்கு வருந்துகிறோம், காரணங்கள் தெரிவிக்கப்படமாட்டா. அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் பல கடிதங்களில் சேர்த்திருக்கிறேன். பின்னால் தொல்லை வராது. மகள் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். கான்ட்ராக்ட் வேலையின் மீட்டிங் இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு இருபத்தொன்பது நடக்கிறது.

சமையலுக்கு வரும் அம்மா கேட்டார்: "பாப்பாவுக்குக் கெடைக்கலியா சார்?"

"இல்லம்மா."

"அவ்ளோ நல்லாப் பேசுச்சே. நம்ம ஊரைப் பத்தியெல்லாம். நான்தான் அன்னிக்குக் குறுக்க ஏதோ கேட்டுபுட்டேன்."

"நீங்க கேட்டது சரியான கேள்விதாம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. அன்று மீன் குழம்பு வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு பதில் எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். 'அந்த இரண்டு ஆண்டுகள் நான் என் அம்மாவுடன் ஆஸ்பத்திரியில் தங்கினேன். என் அப்பா தங்கியிருக்கலாம். அதற்கு விதியில் இடம் இருந்தது. அவர் பயந்தார். தங்குபவர் கட்டத்தில் என் பெயரை எழுதினார்.' கீழே தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துத் தேவையில்லை, பழக்கம்.

மீட்டிங் முடிந்து அவள் வெளியே வந்ததும் கொடுத்தேன். "அடுத்த வருஷத்துக்கு" என்றேன்.

நின்றபடியே படித்தாள். மறுபடியும் படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இதைப் போய் எப்படிப்பா ஒரு போர்டு முன்னாடி சொல்றது?"

அதற்கு ஒரு முறை இருக்கும் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். வாழ்நாள் முழுவதும் அவள் என்னிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், வாரிசுச் சான்று. இதற்கு இல்லை.

அவள் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தாள். தாளின் இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டாள். டேக்கை அவிழ்த்து, மேலே இருந்த வருத்தக் கடிதம், அழைப்பு, என் பழைய பதில் எல்லாவற்றையும் கழற்றினாள். அந்த ரெஃபரல் படிவமும் அவற்றுக்கு அடியில் இருந்தது. எப்போது அதை அங்கே சேர்த்தாள் என்று தெரியவில்லை. அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், என் தாளைக் கோத்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கி டேக்கைக் கட்டினாள்.

புதிய தாள் மேலேதான் வரவேண்டும். நான் அவளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்தது. அதைத் திருத்தச் சொல்லவில்லை.

"சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பைச் சுடவைக்கப் போனாள்.